பிசுக்கின் வயது

காய்ந்த எண்ணெயில் கறிவேப்பிலையைப் போட்டதும் எழுகிற சத்தம் தண்ணீருடையது. எண்ணெய்க்கென்று தனிச் சத்தம் கிடையாது. இலைக்குள் இருக்கும் ஈரமும், கழுவிய இலையில் ஒட்டியிருக்கும் துளிகளும் ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸில் இருக்கும் எண்ணெயைத் தொட்ட கணமே ஆவியாகின்றன. ஒரு மில்லி தண்ணீர் ஆவியாக மாறினால் சுமார் 1,700 மில்லி இடம் கேட்கும். அந்த இடத்தை எண்ணெயை முட்டித் தள்ளித்தான் அது எடுத்துக்கொள்கிறது. ஆவிக் குமிழி எண்ணெய்ப் பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்போது எண்ணெய் துளித்துளியாகச் சிதறுகிறது.

பெரிய துளிகள் தூரம் போவதில்லை. அடுப்பு மேடையிலும், அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவரின் கீழ்ப்பகுதியிலும், சில சமயம் நம் புறங்கையிலும் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளின் கதை வேறு. சில மைக்ரான் அளவே உள்ள அவற்றுக்குக் கீழே விழ அவசரமில்லை. அடுப்பிலிருந்து மேலே எழும் வெந்த காற்றோடு அவையும் ஏறிப் போகும். அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நன்றாகக் காய்ந்த எண்ணெயிலிருந்து சிறிதளவு ஆவியாகக் கிளம்பி, குளிர்ந்த காற்றைத் தொட்டதும் மறுபடி மிக நுண்ணிய துளிகளாகிறது. வாணலிக்கு மேல் நீலம் பாய்ந்து தெரியும் புகை இதுதான்.

இவை எங்கே போய்ச் சேரும் என்பதைப் பார்க்க, பிரிட்ஜின் தலையில் ஒருமுறை கை வைத்தால் போதும். பரண், மேல் அலமாரியின் கதவு, மின்விசிறியின் இறக்கை, எக்ஸாஸ்ட் ஃபேனின் சட்டம் என்று அடுப்புக்கு நேரே இல்லாத இடங்களிலும் மஞ்சள் கலந்த ஒரு பிசுபிசுப்பு படிந்திருக்கும். அதன்மேல் வீட்டுத் தூசி வந்து உட்காரும். தூசியை விசிறி விரட்டலாம். பிசுக்கில் அகப்பட்ட தூசியை விரட்ட முடியாது.

இந்தப் பிசுக்கை எடுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்: எலுமிச்சை, வினிகர், ஆப்பசோடா, மண்ணெண்ணெய், ஷாம்பு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்திருக்கும், இன்னொருவருக்குக் கைவிட்டிருக்கும். மருந்து ஒன்றுதான், நோய்தான் வேறு. போன வாரம் சுவரில் தெறித்த எண்ணெயும் மூன்று வருடத்துக்கு முன் தெறித்த எண்ணெயும் வேதியியல் கணக்கில் ஒரே பொருள் அல்ல. ஆகவே எதைப் போட்டுத் துடைப்பது என்று கேட்பதற்கு முன் கறைக்கு என்ன வயது என்று கேட்க வேண்டும்.

உலரும் எண்ணெய்

தண்ணீர் உலர்வதென்றால் ஆவியாகிப் போவது. எண்ணெய் அப்படி உலர்வதில்லை. உலரும்போது அதன் எடை கூடுகிறது. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அது வேறொரு பொருளாகிறது.

ஐரோப்பிய ஓவியர்கள் இதை நூற்றாண்டுகளுக்கு முன்பே கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். ஆளிவிதை எண்ணெயில் நிறத்தூளைக் குழைத்துப் பலகையில் பூசினால் சில நாளில் தொட்டால் ஒட்டாத, தண்ணீரில் கரையாத படலமாக இறுகிவிடும். 15ஆம் நூற்றாண்டில் யான் வான் ஐக் அப்படி வரைந்த ஓவியங்கள் இன்றும் பளபளப்போடு இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃபிரடெரிக் வால்டன் என்ற ஆங்கிலேயர், திறந்திருந்த பெயின்ட் டப்பாவில் எண்ணெய் ஏடு கட்டியிருப்பதைக் கவனித்தார். ரப்பர்போல வளைந்து கொடுத்த அந்த ஏட்டிலிருந்துதான் லினோலியம் என்ற தரைவிரிப்பு பிறந்தது.

காரணம் எண்ணெயின் மூலக்கூறில் இருக்கிறது. சமையல் எண்ணெய் எதுவானாலும் அதன் அடிப்படை ஒன்றே: ஒரு கிளிசரால், அதில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். சங்கிலியில் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும். சில சங்கிலிகளில் எல்லாம் ஒற்றைப் பிணைப்பு, இவை நிறைவுற்றவை. சிலவற்றில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்பு, இவை நிறைவுறாதவை. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பன் அணுதான் சங்கிலியின் பலவீனமான இடம். அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குவது எளிது. பிடுங்கப்பட்ட இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஆக்சிஜன் ஒட்டிய சங்கிலி பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் போகும். இப்படி ஒன்று பத்தாகிப் பரவும் வேதிவினையின் முடிவில் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. தனித்தனி நூலாகக் கிடந்தது வலையாகிவிடுகிறது. நூலை ஒவ்வொன்றாக உருவலாம். வலையை உருவ முடியாது.

இந்த வினைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. 1820இல் ஜெனீவாவைச் சேர்ந்த நிக்கோலா தியோடோர் டி சொஸ்யூர், வால்நட் எண்ணெயைக் காற்றுபடும்படி அடைத்து வைத்து, அது எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்று அளந்தார். முதல் எட்டு மாதத்தில் எண்ணெய் தன் பருமனைப்போல மூன்று மடங்கு காற்றைத்தான் உறிஞ்சியது. அதற்கடுத்த பத்தே நாளில் அறுபது மடங்கு! எண்ணெயில் இயல்பாக உள்ள தடுப்புப் பொருள்கள் தீரும்வரை வினை மந்தமாக நடக்கும், தீர்ந்தபின் பாய்ந்தோடும். சமையலறைச் சுவரில் இருப்பது வெயிலையும் சூட்டையும் பார்த்த மெல்லிய படலம் என்பதால் அங்கே எட்டு மாதமெல்லாம் ஆகாது. ஆனால் போக்கு அதேதான். நேற்றுவரை துணியால் துடைத்து எடுத்த பிசுக்கு, ஒரு விடுமுறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடம்பிடிக்க ஆரம்பிப்பது இதனால்தான்.

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. எந்த எண்ணெயில் எத்தனை இரட்டைப் பிணைப்பு என்று கணக்கிட 1884இல் ஹ்யூப்ல் என்ற ஆஸ்திரியர் ஒரு வழி கண்டார். இரட்டைப் பிணைப்புகள் அயோடினைப் பிடித்துக்கொள்ளும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடிக்கிறதோ அதுவே அதன் அயோடின் எண். ஓவியர்களின் ஆளிவிதை எண்ணெய்க்கு இது 170 முதல் 200 வரை. சூரியகாந்தி எண்ணெய்க்கு 130ஐ ஒட்டி வரும். நல்லெண்ணெய்க்குச் சுமார் 110, கடலை எண்ணெய்க்கு 90 சுமார், பாமாயிலுக்கு 50 சுமார். தேங்காய் எண்ணெய்க்குப் பத்தைத் தாண்டுவது அபூர்வம்.

இந்த வரிசையைச் சுவரைப் பார்த்துப் படித்தால், தேங்காய் எண்ணெயில் மட்டுமே சமைக்கும் நாகர்கோவில் வீட்டிலோ யாழ்ப்பாணத்து வீட்டிலோ சுவரில் படிவது பல நாளானாலும் பெரும்பாலும் எண்ணெயாகவே கிடக்கும். சூரியகாந்தி எண்ணெய் புழங்கும் வீட்டில் சுவர்மேல் படிவது, பொறுத்துக் காத்திருந்தால், கிட்டத்தட்ட பெயின்ட்.

விரலே அளவுகோல்

கறையின் வயதை அறிய ஆய்வகம் வேண்டாம். விரலால் தேய்த்துப் பாருங்கள்.

விரல் வழுக்கினால் அது இன்னும் எண்ணெய்தான். மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கின்றன. இதை முதல் வயது என்று வைத்துக்கொள்வோம்.

விரல் ஒட்டி, எடுக்கும்போது இழுத்தால் வினை பாதி நடந்திருக்கிறது. சில சங்கிலிகள் இணைந்துவிட்டன, சில இன்னும் திரவமாகவே இருக்கின்றன. இது இரண்டாம் வயது. தூசியை அதிகம் பிடிப்பது இந்தப் பருவத்தில்தான்.

விரல் வழுக்கவும் இல்லை, ஒட்டவும் இல்லை, நகத்தால் கீறினால் மட்டும் தேன் நிறத்தில் செதில் செதிலாக வருகிறது என்றால் அது மூன்றாம் வயது. எக்ஸாஸ்ட் ஃபேனின் விளிம்பிலும், வடைச்சட்டியின் வெளிப்புறத்திலும் இதை எல்லோரும் பார்த்திருப்போம்.

முதல் வயது: பாத்திரம் விளக்கும் லிக்விடே போதும்

தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது என்பது குழந்தைக்கும் தெரியும். ஒட்ட வைக்கும் வேலையைச் சோப்பு எப்படிச் செய்கிறது என்ற ஆராய்ச்சியின் ஒரு முக்கியமான கிளை, பாத்திரம் கழுவும் தொட்டியில்தான் முளைத்தது.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர் ஆக்னஸ் போக்கல்ஸ். 1862இல் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். நோயாளிகளான பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, வீட்டு வேலை செய்துகொண்டு, தம்பி கொண்டுவந்து கொடுத்த இயற்பியல் நூல்களைப் படித்தார். பாத்திரம் கழுவிய தண்ணீரின் மேற்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அதன் இழுவிசை மாறுவது அவர் கவனத்தை ஈர்த்தது. விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப் பட்டை, பரப்பின் இழுவிசையைப் பிடித்துப் பார்க்கத் தராசில் தொங்கும் ஒரு பொத்தான்: இவ்வளவுதான் அவருடைய கருவி. 1891 ஜனவரியில் தான் கண்டதையெல்லாம் எழுதி இங்கிலாந்திலிருந்த இயற்பியலாளர் லார்ட் ரேலிக்கு அனுப்பினார். ரேலி அந்தக் கடிதத்தை மொழிபெயர்க்கச் செய்து நேச்சர் இதழுக்கு அனுப்ப, அதே ஆண்டு மார்ச்சில் அது அச்சேறியது. அந்தத் தொட்டியின் வழியில் தொடர்ந்து ஆராய்ந்த இர்விங் லாங்முயிர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போக்கல்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 70.

சோப்பு மூலக்கூறுக்கு இரண்டு முனை. தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். இன்று நாம் வாங்கும் துணி பவுடரிலும் பாத்திர லிக்விடிலும் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது எல்ஏஎஸ் என்ற செயற்கைப் பொருள். அதற்கான மூலப்பொருளை மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த சங்கிலிகளையும் பென்சீனையும் இணைத்துச் செய்கிறார்கள். சென்னைக்கு வடக்கே மணலியில் இருக்கும் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் தயாராவது அதுதான். போர்வெல் உப்புத் தண்ணீரில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திரிதிரியாகிப் போகும். எல்ஏஎஸ் அந்தத் தண்ணீரிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

சுவரில் நடப்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். டைல்ஸில் தெறித்த எண்ணெய்த் துளி தட்டையாகப் பரவிக் கிடக்கும். வெந்நீரில் கலந்த லிக்விடை அதன்மேல் தடவியதும் சோப்பு மூலக்கூறுகள் இரண்டு இடத்துக்குப் போகின்றன. சில துளியின் மேல் வாலைக் குத்திக்கொண்டு நிற்கும். சில துளியின் ஓரத்தில், எண்ணெயும் டைல்ஸும் சேருமிடத்தில் நுழையும். ஓரம் உள்ளுக்குச் சுருங்கும். தட்டையாக இருந்த துளி மெல்ல மெல்ல உருண்டு திரளும். கடைசியில் சுவரோடு ஒரு சிறு புள்ளியில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது துணியின் ஓர் இழுப்புக்கே வந்துவிடும். இந்த உருட்டலுக்கு ஒரு நிமிடமாவது அவகாசம் தர வேண்டும். தெளித்த கையோடு துடைப்பவர்கள் சோப்பை வேலை செய்ய விடுவதில்லை. எண்ணெயைச் சுவர் முழுக்கப் பூசுகிறார்கள்.

வெந்நீர் ஏன்? சூடு பட்டால் எண்ணெயின் கெட்டித்தன்மை குறையும். நெய்யும் வனஸ்பதியும் உருகும். உருகாததை உருட்ட முடியாது.

இரண்டாம் வயது: காரத்தின் முறை

ஒட்டுகிற பிசுக்குக்கு லிக்விட் மட்டும் போதாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் துளியாக உருளாது. இங்கேதான் காரம் வருகிறது.

எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சோப்பு வரும். பிரான்சின் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1823இல் வெளியிட்ட நூலில் இதன் உள்விவரத்தைத் தெளிவாக்கினார்: காரம் கொழுப்பை உடைத்துக் கிளிசராலைத் தனியாகவும் கொழுப்பு அமிலங்களைத் தனியாகவும் பிரிக்கிறது, அந்த அமிலங்கள் காரத்தோடு சேர்ந்ததே சோப்பு. விளக்கம் வருவதற்கு முன்பே நம் வீடுகளில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தவர்கள், பாத்திரத்தின் மேலேயே கொஞ்சம் சோப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிசுக்கு மூப்படைவதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஆக்சிஜன் புகுந்து சங்கிலிகளைப் பிணைக்கும்போதே சிலவற்றை முறிக்கவும் செய்கிறது. முறிந்த துண்டுகளின் முனையில் அமிலம் தோன்றும். சிக்கெடுத்த எண்ணெயின் காறல் வாடை அந்தத் துண்டுகளிலிருந்து வருவதே. புதிய எண்ணெயில் காரத்துக்குப் பிடிக்க இடம் குறைவு; பழைய பிசுக்கில் அமில முனைகள் நிறைய. காரம் அவற்றைப் பற்றி அங்கேயே சோப்பாக்குகிறது. அந்தச் சோப்பு மிச்சப் பிசுக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது.

எந்தக் காரம்? இங்கே இரண்டு சோடாக்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட். அதன் கரைசலின் பிஎச் 8.3 சுமார். துணிக்குப் போடும் சலவைச் சோடா சோடியம் கார்பனேட்; ஒரு சதவீதக் கரைசலே பிஎச் 11ஐத் தாண்டும். பிஎச் அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால் காரத்தன்மையில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். ஆப்பசோடா பிசுக்கை எடுப்பதாகத் தோன்றுவது பெரும்பாலும் அதன் நறநறப்பால். சலவைச் சோடாதான் வேதியியல் வேலையைச் செய்கிறது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, சில துளி பாத்திர லிக்விட் போதும். கையுறை கட்டாயம், நம் தோலிலும் எண்ணெய் இருக்கிறது, காரத்துக்கு வேறுபாடு தெரியாது.

ஆப்பசோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கப் பொங்கத் தேய்க்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். பொங்கியது கரியமில வாயு. அடைத்த குழாயில் அந்தக் குமிழிகள் எதையாவது அசைக்கலாம். சுவரில் ஒட்டிய பிசுக்கு அசையாது. வினிகருக்கும் இங்கே ஒரு வேலை உண்டு, ஆனால் தனியாக, கடைசியில்: சோடா போட்டுத் துடைத்தபின் சுவரில் மிஞ்சும் காரத்தைப் போக்க, தண்ணீரில் கொஞ்சம் கலந்து ஒரு துடைப்பு. அதுவும் மார்பிளிலும் சிமென்ட் பூச்சிலும் கூடாது. அவற்றில் உள்ள சுண்ணப் பொருளை அமிலம் அரிக்கும்.

சலவைச் சோடா போட்டதும் தமிழ்ச் சமையலறையில் ஒரு கலவரம் நடக்கும். மஞ்சளாக இருந்த கறை திடீரென்று செங்காவியாக மாறும். கறை மோசமாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். அது மஞ்சள்தூளின் குர்குமின். எண்ணெயில் கரைந்து தாளிப்போடு தெறித்துச் சுவரில் ஏறியது. காரத்தில் அது சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்து ஆரத்தி எடுக்கிறோமே, அதே வேதியியல். நல்ல தண்ணீரால் துடைத்துக் காரம் போனதும் நிறம் மஞ்சளுக்குத் திரும்பும். பிசுக்கு போனபின்னும் மங்கலாக மஞ்சள் தங்கினால் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை விடுங்கள். ஒளியில் குர்குமின் சிதைந்து வெளிறிவிடும்.

நின்றுகொண்டிருக்கும் சுவர்

ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959இல் சுத்தம் செய்வதை நான்கு கூறாகப் பிரித்தார்: வேதிப்பொருள், சூடு, உழைப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்ட வேண்டும். வாஷிங் மெஷின் செய்பவர்கள் இன்றும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் மிக மலிவாகக் கிடைப்பது நேரம், மிக விலை கூடியது நம் தோள்வலி. ஆகவே நேரத்தைக் கூட்டி உழைப்பைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

பாத்திரமென்றால் ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். சுவரை எப்படி ஊறவைப்பது? தெளித்த கரைசல் அரை நிமிடத்தில் வழிந்து தரைக்குப் போய்விடுகிறது. வழி எளிது. பழைய பருத்தித் துணியையோ காகிதத் துண்டையோ கரைசலில் முக்கிச் சுவரில் அப்பிவிடுங்கள். ஈரத்தின் பிடிப்பில் துணி சுவரில் ஒட்டி நிற்கும். பத்து நிமிடம் கழித்து எடுத்தால் அடியிலிருக்கும் பிசுக்கு குழைந்திருக்கும்.

கரைசலைக் கீழிருந்து மேலாகப் பூச வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குக் கரைசல் கீழே உலர்ந்த சுவரில் கோடு கோடாக ஓடும். ஓடிய கோட்டில் மட்டும் பிசுக்கு கரைந்து, பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்த வரி தெரியும். ஏற்கெனவே நனைந்த சுவரில் வழிந்தால் வரி விழாது. அலசித் துடைப்பது மட்டும் மேலிருந்து கீழாக. அலச இரண்டு வாளி வேண்டும். ஒரே வாளியில் பிழிந்து பிழிந்து துடைத்தால், எடுத்த எண்ணெயையே மறுபடி சுவரில் ஏற்றுகிறோம். சுவிட்ச் போர்டுப் பக்கம் தெளிக்கவே கூடாது. மெயினை அணைத்துவிட்டுப் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி.

மூன்றாம் வயது: கறையும் பெயின்டும் உறவுக்காரர்கள்

செதிலாகிப்போன பிசுக்கை எதுவும் முழுதாகக் கரைக்காது. மண்ணெண்ணெய் எண்ணெயைக் கரைக்கும், ஒட்டும் பிசினையும் ஓரளவு இளக்கும், வலையாகிவிட்டதை இளக்காது. தீப்பற்றும் அபாயம் வேறு. காரம் இதையும் அரிக்கும், ஆனால் மெதுவாக. சூடான சோடாத் துணியை மாற்றி மாற்றி அப்பி, மரக்கரண்டியின் விளிம்பாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ சுரண்டுவதுதான் வழி. டைல்ஸும் ஸ்டீலும் இதைத் தாங்கும்.

வண்ணம் பூசிய சுவர் தாங்குமா என்பது எந்த வண்ணம் என்பதைப் பொறுத்தது. டிஸ்டெம்பரிலும் மங்கலான எமல்ஷனிலும் நிறத்தூள் அதிகம், அதைக் கட்டிப்போடும் பிசின் குறைவு. துகள்களுக்கு நடுவில் நுண்துளைகள் திறந்திருக்கும். எண்ணெய் அதற்குள் இறங்கிவிட்டால் மேலே துடைத்துப் பயனில்லை. அழுத்தித் தேய்த்தால் வண்ணமே துணியோடு வரும். பளபளப்பான எமல்ஷனில் பிசின் அதிகம், துளை குறைவு. அதனால் எண்ணெய் மேலேயே நிற்கும்.

எனாமல் பெயின்டின் சங்கதி சுவாரசியமானது. துடைக்க எளிது என்று அடுப்படிச் சுவருக்கு அதைப் பூசுவது வழக்கம். ஆனால் அதன் பிசின் பெரும்பாலும் தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களைக் கொண்டு செய்ததுதான், இறுகுவதும் ஆக்சிஜனை வாங்கித்தான். சுவரில் பூசிய எனாமலும் அதன்மேல் காய்ந்த பிசுக்கும் ஒரே குடும்பம். பிசுக்கை அரிக்கும் காரம் எனாமலையும் விட்டுவைக்காது. நேரம் கூடினால் பளபளப்பு மங்கி மாவுபோல உதிரும். எனவே எனாமலில் சோடா செறிவைப் பாதியாக்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்து, உடனே அலசிவிட வேண்டும். மறைவான மூலையில் முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

விறகடுப்புக் காலத்துச் சமையலறைகளில் இந்தச் சிக்கலுக்கு வேறு தீர்வு இருந்தது. சுவரைத் துடைக்கவே மாட்டார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பு நீரின் பிஎச் 12.4 அளவில் இருப்பதால் அது பிசுக்கின் அமிலங்களோடு சேர்ந்து கரையாத கால்சியம் சோப்பாகி, கறையைத் தன் படலத்துக்குள்ளேயே பூட்டிவிடும். சுவர் ஆண்டுக்கு ஓர் அடுக்கு தடித்தது, வெள்ளையாகவும் இருந்தது. இன்றைய எமல்ஷனுக்கு அந்த வல்லமை இல்லை. பிசுக்கின்மேல் பூசினால் பிடிக்காமல் உரியும், அல்லது மஞ்சள் மறுபடி மேலே ஊறி வரும். பெயின்டர் வருவதற்கு முன் சோடா போட்டுக் கழுவி, அலசி, நன்றாக உலரவிடுவது நம் பொறுப்பு.

சேர்த்து வைக்கக் கூடாதவை

ஆர்வத்தில் எல்லாவற்றையும் கலப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ப்ளீச்சிங் பவுடரோடும் ப்ளீச் திரவத்தோடும் வினிகர், எலுமிச்சை, கழிப்பறை ஆசிட் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். அமோனியா கலந்த திரவங்களோடு சேர்ந்தால் குளோரமைன், அதுவும் நுரையீரலைத் தாக்கும். ப்ளீச் பிசுக்கை எடுக்கவும் எடுக்காது, நிறத்தை மட்டும் போக்கும். அடுத்து, சிம்னியின் அலுமினிய வலையைச் சோடாவில் ஊறவைக்காதீர்கள். காரம் அலுமினியத்தைக் கறுக்கவைத்து அரிக்கும். ஸ்டீல் தகடுள்ள ஃபில்டருக்கு அந்தப் பயம் இல்லை.

சுவருக்குப் போகும் முன்

ஸ்டீல் தகடு ஃபில்டர் வேலை செய்யும் விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. உள்ளே இழுக்கப்படும் காற்று தகடுகளுக்கு நடுவே சட்டென்று வளைந்து போக வேண்டியிருக்கும். காற்று வளைந்துவிடும். எடையுள்ள எண்ணெய்த் துளியால் அந்த வேகத்தில் வளைய முடியாது. நேரே போய்த் தகட்டில் மோதி வழியும். சுவரில் ஒட்ட வேண்டியது தகட்டில் ஒட்டுகிறது, தகட்டைக் கழற்றித் தொட்டியில் போடலாம். சிம்னி இல்லாத வீட்டில் இதன் எளிய வடிவம், கடுகு போட்டதும் வாணலியை மூடுவது. கறிவேப்பிலையைத் துடைத்து ஈரமில்லாமல் போட்டால் சிதறலும் பாதியாகும்.

இது சுவரின் அழகுக்காக மட்டும் அல்ல. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது கிளம்பும் புகையை, அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் சேர்த்திருக்கிறது. சுவரில் படிந்ததைத் துடைத்துவிடலாம். அதே காற்றை அடுப்பருகே நின்று சுவாசித்தவருக்கு அந்த வசதி இல்லை. ஜன்னலைத் திறப்பதும், அடுப்பை மூட்டும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் சுவரைவிட அவருக்குத்தான் முதலில் தேவை.

அதற்குப் பிறகும் கொஞ்சம் சுவருக்குப் போய்ச் சேரத்தான் செய்யும். இரவுச் சமையல் முடிந்து மேடையைத் துடைக்கும் அதே துணியை, லிக்விட் கலந்த வெந்நீரில் அலசி அடுப்புக்குப் பின்னால் ஒருமுறை ஓட்டினால் இரண்டு நிமிட வேலை. அதே எண்ணெய்க்குப் பண்டிகைக்கு முந்தைய நாள்வரை அவகாசம் கொடுத்தால் சோடா, கையுறை, ஏணி, ஒரு முழுப் பகல். எண்ணெய் மாறவில்லை, சுவர் மாறவில்லை. நடுவில் ஆக்சிஜன் மட்டும் விடுமுறையே எடுக்காமல் வேலை பார்த்திருக்கிறது.